ஏறிச் சறுக்கும் பனிப்பயணத்துக்கு நின்று உழைக்கும் உடுப்பு எது?

உப்புவெளிவாசி

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் நோர்வேயின் துரொம்சோ நகரில் குடும்பத்துடன் இருக்கிறார். வருகிற மார்ச் மாதம் அவருடனும் அவருடைய நண்பர்களுடனும் லிங்ஙன் மலைகளில் பனிச்சறுக்குக்குப் போவதாக முடிவாகியிருக்கிறது. இழுவைக் கம்பியில் ஏறி, இயந்திரம் சீராக்கிய சரிவில் இறங்கிவருகிற சறுக்கல் இல்லை இது. ஸ்கீ என்ற சறுக்குப் பலகையின் அடியில், பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் ஏற்றப்பட்டையை ஒட்டிக்கொண்டு, கடல்மட்டத்திலிருந்து மணிக்கணக்கில் நடந்தே ஏறி, யாரும் தொடாத பனியில் சறுக்கி இறங்குவது. அங்கே படித்த காலத்தில் சாதாரணச் சரிவுகளில் பழகியிருக்கிறேன். பனிச்சரிவு அபாயம் பற்றிய பயிற்சியையும் அண்ணன் ஒழுங்குசெய்துவிட்டார். ஆகவே இங்கே உடுப்பைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

இனி ஒவ்வொரு வருடமும் போவதாக எண்ணம். அடிக்கடி வாங்கி மாற்றும் வசதி எனக்கு இல்லை என்பதால், ஒரு தடவை வாங்கினால் நீண்ட காலம் உழைக்கக்கூடியதையே வாங்க விரும்புகிறேன். கடைகளின் பக்கங்களில் மூன்று விடயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: 20,000 மில்லிமீற்றர் நீர்த்தடை, 40 அல்லது 70 டெனியர், மூன்றடுக்குத் துணி. இவற்றுள் எது உடுப்பின் ஆயுளைச் சொல்கிறது? தடித்த துணி என்றால் கூடுதல் காலம் உழைக்கும் என்று கொள்ளலாமா? இன்னொன்றையும் சொல்லவேண்டும். பயணம் முடிந்ததும் உடுப்புகள் என்னோடு திருகோணமலைக்கு வந்து, அடுத்த மார்ச் வரை அலுமாரியில் கிடக்கும்.

உவர்மலை_முதியவன்

தம்பி, நான் முதலில் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையிலும் பின்னர் துரொம்சோவிலும் வேலை செய்து, இப்போது ஊரோடு வந்து இருக்கிறேன். எண்களுக்குப் போகும் முன், அந்த மலையில் உடுப்பு எந்த இடத்தில் சாகிறது என்று பார்ப்போம்.

ஸ்கீயின் இரு ஓரத்திலும் உருக்கு விளிம்பு இருக்கிறது. செங்குத்தான சரிவில் ஏறுகையில் திசை திரும்புவதற்காக ஒரு காலைத் தூக்கிச் சுழற்றி வைக்கும்போது, அந்த விளிம்பு மற்றக் காலின் உட்பக்கத்தை, கணுக்காலுக்குச் சற்று மேலே, உரசிவிட்டுப் போகும். ஒரு நாள் ஏற்றத்தில் இது எத்தனை தடவை நடக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். காற்சட்டையின் முதல் வெட்டு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழுகிறது. அடுத்தது முழங்காலும் இருக்கையும். உச்சியில் பட்டையைக் கழற்றுவதற்கு மண்டியிடுவீர்கள், பாறையிலும் உறைபனியிலும் உட்காருவீர்கள். ஜக்கெற்றில் தோளும் இடுப்பும் தேயும். சவள், பனியில் புதைந்தவரைத் தேடும் கோல், தண்ணீர், உணவு, மாற்றுடுப்பு எல்லாம் கொண்ட பையின் வார் நாள் முழுவதும் அங்கேதான் அசைந்துகொண்டிருக்கிறது. கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் வியர்வை எண்ணெயும் வெயிற்களிம்பும் ஊறி, உள்ளிருந்தே துணி பிரியத் தொடங்கும்.

ஏறும்போது, பூச்சியத்துக்குக் கீழே பல பாகை இருந்தாலும், உள்ளுடையும் ஒரு மெல்லிய காற்றுத்தடை மேலாடையும் போதும். நீர்புகா ஜக்கெற் பெரும்பாலான நேரம் பைக்குள்தான் இருக்கும். காற்று எழும்பும்போதும் இறங்கும்போதுமே அது வெளியே வரும். காற்சட்டையோ காலையிலிருந்து மாலைவரை காலில் இருக்கிறது. ஆகவே என் கருத்தில் உங்கள் பணத்தின் பெரும்பங்கு காற்சட்டைக்குப் போகவேண்டும். கடைக்காரர்கள் ஜக்கெற்றைத்தான் முன்னே தொங்கவிடுவார்கள்.

எந்தக் காற்சட்டை என்று கேட்டால், உள்ளே நீர்புகாப் படலம் எதுவும் இல்லாத, நெருக்கமாக நெய்த, இழுபடும் நைலோன் காற்சட்டையையே சொல்வேன். அங்கே அதை சொஃப்ட்செல் என்பார்கள். படலம் இல்லையென்றால் உரிவதற்கும் ஒன்றும் இல்லை. கிழிந்தால் எந்தத் தையற்காரரும் தைத்துக் கொடுப்பார்.

ஆடைத்தரம்

நான் ஏற்றுமதி ஆடைத் தொழிலில் தரப்பரிசோதனை செய்கிறவள். உவர்மலை ஐயா சொன்ன இடங்களை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த எண்களை விளக்குகிறேன்.

டெனியர் என்பது 9,000 மீற்றர் நீளமான நூலின் எடை, கிராமில். 70 டெனியர் நூல் 40 டெனியர் நூலைவிடப் பருத்தது, அவ்வளவுதான். அது எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டது, எந்த நெசவு, நைலோனா பொலியெஸ்டரா என்பவை அந்த எண்ணில் இல்லை. ஒரே டெனியரில் நைலோன் உராய்வைக் கூடுதலாகத் தாங்கும். வெயிலைத் தாங்குவதில் பொலியெஸ்டர் அதைவிட மேல்.

உராய்வைச் சோதிக்க மார்ட்டின்டேல் என்ற பொறி இருக்கிறது. ஒரு வட்டத் துணியை, நிர்ணயித்த அழுத்தத்தில், கம்பளித் துணியின் மேல் எட்டு வடிவத்தை ஒத்த பாதையில் தேய்த்துக்கொண்டே இருக்கும். நெய்த துணியில் இரண்டு நூல்கள் அறும்வரை எத்தனை தேய்ப்பு என்று எண்ணுவோம். பை வார் தோளில் செய்வதை இந்தச் சோதனை ஓரளவு காட்டும். உருக்கு விளிம்பு கணுக்காலில் செய்வதை இது காட்டாது, ஏனென்றால் அங்கே நடப்பது வெட்டு. வெட்டைத் தாங்குவதற்கு முழுக் காற்சட்டையையும் தடித்த துணியில் தைப்பது வீண். கணுக்காலின் உட்புறத்தில் மட்டும் 500 அல்லது 1,000 டெனியர் கோர்டுரா என்ற முரட்டு நைலோன் துணியை, இல்லாவிட்டால் வெட்டைத் தாங்கும் அரமிட் நூல் கலந்த துணியை வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். அந்தத் துண்டு உங்கள் ஸ்கீச் சப்பாத்தின் மேல் விளிம்புவரை உயர்ந்திருக்கவேண்டும். பல காற்சட்டைகளில் அது நாலு விரல் உயரத்தோடு நின்றுவிடுகிறது.

20,000 மில்லிமீற்றர் என்பது, துணியின் மேல் 20 மீற்றர் உயர நீர்த்தூண் நின்றால் உண்டாகும் அழுத்தம்வரை அது ஒழுகாது என்ற பொருள். புதுத்துணியில் எடுத்த அளவு அது. ஐந்து வருடத்துக்குப் பிறகு என்னவாகும் என்பதை அது சொல்லவே சொல்லாது.

மூன்றில் ஆயுளோடு நேரடித் தொடர்புள்ளது அடுக்கு எண்ணிக்கைதான். மூன்றடுக்கில் வெளித்துணி, படலம், உட்புறப் பின்னல் மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். படலத்தை இரு பக்கமும் துணி காக்கிறது. இரண்டரை அடுக்கு என்று விற்பதில் உட்பக்கம் துணிக்குப் பதிலாக ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே இருக்கும். அந்தப் பூச்சு தோலெண்ணெயிலும் உராய்விலும் முதலில் தேய்ந்து, பிறகு படலம் வெளியே வந்துவிடும். எடை குறைவு, விலையும் குறைவு, ஆயுளும் குறைவுதான். நீண்ட காலம் உழைக்கவேண்டும் என்ற உங்கள் நிபந்தனைக்கு அது பொருந்தாது.

காற்சட்டை விடயத்தில் மட்டும் ஐயாவோடு நான் வேறுபடுகிறேன். லிங்ஙன் கடலில் இருந்து நேராக எழும்பும் மலை. உயரத்தில் 1,000 மீற்றருக்கு ஆறு அல்லது ஏழு பாகை குறைவதைக் கணக்கிட்டால், மேலே உலர்ந்த பனி பெய்யும் அதே நேரத்தில் கீழே மழையோ சேறான பனியோ பெய்யலாம். படலம் இல்லாத காற்சட்டை அங்கே நனைந்துவிடும். நனைந்த காற்சட்டையோடு மேலே ஏறினால் அது உறையும். மூன்றடுக்கு, தொடையின் வெளிப்புறத்தில் காற்றோட்டத்துக்குத் திறக்கும் நீளமான சிப், மார்புவரை உயரும் தோள்வார் வடிவம் ஆகிய மூன்றும் உள்ள ஒன்றே அங்கே ஏற்றது.

உப்புவெளிவாசி

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. அப்படியானால் 70 டெனியர் மூன்றடுக்கை ஜக்கெற்றுக்கும் காற்சட்டைக்கும் எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

உவர்மலை_முதியவன்

தீராது, தம்பி. தடித்த மூன்றடுக்கைப் போட்டுக்கொண்டு ஏறினால் வியர்வை வெளியேற வழியிருக்காது. நீராவி வெளியேறும் என்று எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் குளிரில் வெளித்துணி உறைநிலையில் இருக்கும்போது அந்த நீராவி படலத்தின் உட்பக்கத்திலேயே நீராகிப் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. உள்ளே வந்து சேரும் அந்த வியர்வையும் எண்ணெயும் உப்புந்தான் படலத்தைப் பிரிக்கின்றன. ஆக, வியர்க்காமல் ஏறுவதே உடுப்பின் ஆயுளையும் கூட்டுகிறது. புறப்படும்போது சற்றுக் குளிரக் குளிரப் புறப்படுங்கள். பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும்.

மகள் மழையைப் பற்றிச் சொன்னது நியாயம், அதை மறுக்கவில்லை. மே மாதத்தில் போகிறவருக்கு நானும் மூன்றடுக்குக் காற்சட்டையைத்தான் சொல்லியிருப்பேன். மார்ச்சில் கீழேயும் பெரும்பாலும் பனிதான். மழை பெய்கிற நாளில் அனுபவமுள்ளவர்கள் ஏறுவதும் குறைவு, ஏனென்றால் பனியின் மேல் மழை விழுந்தால் பனிச்சரிவு அபாயம் உயர்கிறது.

உள்ளுடை பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நோர்வேக்காரர் வலை உள்ளுடை அணிவார்கள். 1933 இல் ஹென்ரிக் புரூன் என்ற நோர்வே இராணுவ அதிகாரி பழைய மீன்பிடி வலையை வெட்டி அதை முதலில் செய்ததாகச் சொல்வார்கள். வலையின் கண்களுக்குள் உலர்ந்த காற்று தங்கும். வியர்வை தோலில் நிற்காமல் மேலடுக்குக்குப் போய்விடும். பொலிபுரொப்பிலீன் நூலில் செய்தது தண்ணீரை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. சூடு மட்டும் அதற்கு ஆகாது. மின்னழுத்தியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். நம் கரைவலைக்காரர்களுக்குக் காட்டினால் ஒரே பார்வையில் அதன் சூட்சுமத்தைப் புரிந்துகொள்வார்கள்.

கன்னியா_அக்கா

கனடாவில் மகனோடு இருக்கும் மாதங்களில் நானும் பனியில் நடப்பதுண்டு. பருத்தி உடுப்பை அறவே விட்டுவிடுங்கள் தம்பி, பருத்திக் காலுறைகூட வேண்டாம். நனைந்த பருத்தி தோலோடு ஒட்டிக்கொண்டு உடற்சூட்டை இழுத்துவிடும்.

மெரினோக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியைக் குடித்தும் கையில் ஈரம் தெரியாது; நாட்கணக்கில் அணிந்தாலும் மணக்காது. ஆனால் நின்று உழைப்பது என்று பார்த்தால் அது பலவீனமானது. சதுர மீற்றருக்கு 150 கிராம் எடையுள்ள மெல்லிய மெரினோ, பையின் இடுப்புப் பட்டி உரசும் இடத்தில் சல்லடைக் கண் விழுந்துவிடும். 200 கிராம் பாருங்கள்; நைலோன் நூலைச் சுற்றி மெரினோவை நூற்றது கிடைத்தால் இன்னும் நல்லது. முற்றிலும் பொலியெஸ்டரான உள்ளுடை அதைவிடவும் நாட்படும், விலையும் குறைவு. ஆனால் மணம் ஏறிவிடும், எத்தனை தோய்த்தாலும் முழுமையாகப் போகாது.

ஊருக்குக் கொண்டுவந்தால் கம்பளியை அந்துப்பூச்சி தேடி வரும். அதன் புழு வியர்வையும் எண்ணெயும் படிந்த இடத்தைத்தான் முதலில் தின்னும். ஆகவே தோய்த்து நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி, முதலில் ஒரு வாரம் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து எடுத்து, அப்படியே அலுமாரிக்குள் வையுங்கள். வேப்பிலை போடுவது நம் வழக்கம்; போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

தையற்கடை_திருமலை

நான் நகரில் தையற்கடை வைத்திருக்கிறேன். கூடாரம், படகு விரிப்பு, சுழியோடிகளின் பைகள் எல்லாம் என்னிடம் திருத்த வரும். தம்பிக்கு என் தரப்பிலிருந்து சில குறிப்புகள்.

உடுப்பின் துணி கிழிவதற்கு முன்பே சிப் போய்விடும். சிப்பிலும் பல்லைவிட, இழுத்து மூடும் ஓடி முதலில் தேயும். அதன் வாய் அகன்று, இழுத்த பிறகும் பின்னால் சிப் பிளந்துகொண்டு நிற்கும். ஓடியை மட்டும் மாற்றினால் போதும், முழுச் சிப்பையும் பிய்க்கவேண்டியதில்லை. ஆகவே வாங்கும்போது ஓடியின் பின்பக்கத்தில் சிப் நிறுவனத்தின் பெயரும் இலக்கமும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். வை.கே.கே. போன்ற பரவலான ஒன்றென்றால் மாற்று ஓடி எங்கேயும் கிடைக்கும். பெயர் இல்லாத சிப்புக்கு ஓடி தேடி அலையவேண்டும். முன் சிப் 5 ஆம் இலக்கத்துக்குக் குறைய வேண்டாம். கையுறையோடு இழுப்பதற்கு நீளமான நாடா கட்டியிருக்கவேண்டும்.

மேலே பளபளப்பான பூச்சுப் போட்ட நீர்த்தடைச் சிப் அழகாக இருக்கும். மடிகிற இடத்தில் அந்தப் பூச்சு வெடித்து உரியும். உரிந்தால் திருத்த வழியில்லை. முன் சிப்புக்கு மேல் துணி மடல் வைத்துத் தைத்த பழைய பாணி ஜக்கெற் கிடைத்தால் அதை எடுங்கள், பாரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

மூன்றடுக்குத் துணியில் ஊசி போட்டால் ஒவ்வொரு துளையும் ஒழுகும். உட்பக்கம் தையல்நாடா ஒட்டி மூடாமல் அதைத் தைத்துக் கொடுக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். சிறு வெட்டு என்றால் தைக்கவே வேண்டாம். இடத்தை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, ஒட்டுத் துண்டை நாலு மூலையும் வட்டமாக வெட்டி, வெட்டுக்கு எல்லாப் பக்கமும் ஓர் அங்குலமாவது மிஞ்சும்படி வைத்து, நடுவிலிருந்து வெளியே அழுத்தி ஒட்டுங்கள். கூர் மூலை எதிலாவது கொழுவி உரிந்துவிடும் என்பதால்தான் வட்டமாக வெட்டச் சொல்கிறேன். சொஃப்ட்செல் என்றால் வேலை மிகச் சுலபம். கணுக்காலுக்கு கோர்டுராத் துண்டு வைத்து பொலியெஸ்டர் நூலால் இரட்டைத் தையல் போட்டுத் தரலாம். பருத்தி நூல் போடக்கூடாது, ஈரத்தில் உக்கிவிடும்.

நிலாவெளிச்_சுழியோடி

எல்லோரும் மலையில் உடுப்பு சாவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். உப்புவெளிவாசி தன் முதற் பதிவின் கடைசி வரியில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். வருடத்தில் பதினொரு மாதம் அந்த உடுப்பு நம்முடைய கடற்கரையில் ஓர் அலுமாரிக்குள் கிடக்கப்போகிறது. என் அனுபவத்தில் மலையைவிட இதுதான் பெரிய எதிரி.

பொலியுரித்தேன் என்ற பொருளைப் பற்றி அறிந்துகொள்ளுங்கள். மலிவான நீர்புகாப் படலங்களிற் பெரும்பாலானவையும் கூடாரப் பூச்சுகளும் எங்கள் மிதவைச் சட்டைகளின் உட்பூச்சும் அதனாலானவை. வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்தால் நீர் மூலக்கூறுகள் அந்தப் பொருளின் நீண்ட சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தது இதுதான். பொலியெஸ்டர் வகைப் பொலியுரித்தேன் விரைவில் கெடும். பொலிஈதர் வகை ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும். அணிந்தாலும் அணியாவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும். மாரி முடிந்து பையைத் திறக்கும்போது பூச்சு விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அடுத்த வருடம் வெள்ளைச் செதிலாக உதிரும். புளித்த நாற்றம் ஒன்று வரும். அந்த நாற்றம் வந்த பொருளை எந்தச் சவர்க்காரமும் மீட்காது. நன்றாகப் பேணிய மிதவைச் சட்டைகள்கூட இப்படிப் போவதைப் பார்க்கிறேன். ஸ்கீச் சப்பாத்தின் பிளாஸ்டிக் ஓடும் பல வகைகளில் பொலியுரித்தேன்தான்.

கோர்-டெக்ஸ் என்ற பெயரில் விற்கும் நீர்புகாத் துணியின் படலம் வேறு. பொப் கோர் 1969 இல் பி.டி.எஃப்.இ. (டெஃப்லோன்) பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து விரித்தபோது கிடைத்த நுண்துளைப் பொருள் அது. நீரும் வெப்பமும் அந்தப் பொருளை எதுவும் செய்யாது. ஆனால் அதனோடு சேர்த்து ஒட்டும் மெல்லிய காப்பு அடுக்கும், தையல்களை மூடும் நாடாவின் பசையும் பொலியுரித்தேன் சார்ந்தவை. ஆகவே படலம் நின்றாலும் நாடா உரியலாம். இப்போது வரும் புதிய கோர்-டெக்ஸ் வகையில் பி.டி.எஃப்.இ.க்குப் பதிலாக விரித்த பொலிஎதிலீனோடு பொலியுரித்தேனைச் சேர்க்கிறார்கள்.

நான் சொல்லவருவது இது. நீர்புகா ஜக்கெற்றையும் ஸ்கீச் சப்பாத்தையும் ஊருக்குக் கொண்டுவராதீர்கள், அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். துரொம்சோவின் உலர்ந்த, சூடு குறைந்த களஞ்சிய அறையில் அவை எங்கள் அலுமாரியில் இருப்பதைவிடப் பல மடங்கு காலம் இருக்கும். கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால், நன்றாகக் கழுவி, முழுமையாகக் காயவைத்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில் வையுங்கள். ஓட்டுக்கூரைக்குக் கீழுள்ள பரண் வேண்டாம். காயவைப்பதற்குக் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்கள் மிக நல்லவை, ஆனால் நிழலில். எங்கள் வெயில் நைலோனைக் கண்ணுக்குத் தெரியாமல் உளுக்கவைத்துவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

ஒட்டும் பசை பற்றி ஒரு சொல்: சுழியோடும் ரப்பர் உடுப்பை ஒட்டும் கறுப்புப் பசையை நீர்புகா ஜக்கெற்றுக்குப் போடாதீர்கள். அதற்கு யூரித்தேன் களிம்புதான் சரி. ஓர் இரவும் பகலும் தொடாமல் காயவிடவேண்டும்.

ஆடைத்தரம்

சுழியோடி அண்ணாவின் பதிவைப் படித்த பிறகு என் பரிந்துரையை மாற்றுகிறேன். உடுப்பு திருகோணமலைக்கு வருவதென்றால் உவர்மலை ஐயா சொன்ன படலமில்லாத காற்சட்டையே சரி. மூன்றடுக்குக் காற்சட்டை என்றால் அது துரொம்சோவிலேயே இருக்கட்டும்.

கழுவுவதைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. கழுவினால் நீர்த்தடை போய்விடும் என்று வருடக்கணக்கில் கழுவாமல் வைத்திருப்பார்கள். உண்மையில் அழுக்கும் எண்ணெயுந்தான் அதைக் கெடுக்கின்றன. வெளித்துணியில் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதற்கு ஒரு மேற்பூச்சு காரணம். அந்தப் பூச்சு தேய்ந்தால் வெளித்துணி நீரைக் குடித்துப் பாரமாகும். படலம் ஒழுகாவிட்டாலும் வியர்வைக்கு வழியடைந்து, உள்ளே நனைந்ததுபோல் இருக்கும். ஜக்கெற் ஒழுகுகிறது என்று பலர் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான், அதற்கு இன்னும் ஆயுள் இருக்கும்போதே.

முன்பு இந்தப் பூச்சு ஃபுளோரின் சேர்ந்த இரசாயனங்களால் ஆனது. நீரையும் எண்ணெயையும் சேர்த்தே தள்ளும். அந்த இரசாயனங்கள் சூழலில் அழியாமல் சேர்வதால், 2023 ஜனவரியில் நோர்வே, சுவீடன், டென்மார்க், ஜேர்மனி, நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவற்றைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவை வைத்தன. உற்பத்தியாளர்களும் விலகி வருகிறார்கள், அது நல்லதே. ஆனால் ஃபுளோரின் இல்லாத பூச்சு நீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. ஆகவே இப்போதைய ஜக்கெற்றை முன்பைவிடக் கூடுதலாகக் கழுவவேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் போடவே கூடாது. சவர்க்காரத்தூளும் எச்சத்தை விட்டுவைக்கும். இந்த வகை உடுப்புக்கென்று விற்கும் திரவத்தில் கழுவி, இரண்டு தடவை அலசி, காய்ந்ததும் உலர்த்திப் பொறியில் மிதமான சூட்டில் இருபது நிமிடம் சுற்றவிட்டால் பூச்சு மீண்டும் உயிர்பெறும். உலர்த்தி இல்லாத வீட்டில், இடையே ஒரு துணியை வைத்து மின்னழுத்தியால் மிதமான சூட்டில் அழுத்தலாம். அதற்கு முன் உடுப்பின் உட்பட்டியில் உள்ள பராமரிப்புக் குறியீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளிவாசி

இத்தனை விவரங்களுக்கு உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். இப்போதைய முடிவு இது: மூன்றடுக்கு ஜக்கெற்றை நோர்வேயில் வாங்கி அண்ணன் வீட்டிலேயே விடுவது, படலமில்லாத நைலோன் காற்சட்டையை வாங்கி, தையற்கடை ஐயாவிடம் கணுக்காலுக்குத் துண்டு வைத்துத் தைத்து, பயணம் முடிந்ததும் என்னோடு கொண்டுவருவது, உள்ளுடைக்கு வலை ஒன்று, 200 கிராம் மெரினோ ஒன்று. ஜக்கெற்றின் விலைதான் தடுக்கிறது. நோர்வேயின் ஃபின் இணையச் சந்தையில் பாவித்தவை பாதி விலைக்கும் கீழே கிடக்கின்றன என்று அண்ணன் சொல்கிறார். பாவித்ததை வாங்கலாமா? ஓய்வு நேரத்தில் போடும் தடித்த மேலங்கிக்கு இறகு நல்லதா, செயற்கைப் பஞ்சு நல்லதா?

உவர்மலை_முதியவன்

பாவித்ததை வாங்கலாம், ஆனால் அண்ணன் நேரில் போய்ப் பார்க்கவேண்டும், படத்தை நம்பக்கூடாது. ஜக்கெற்றை உட்புறம் வெளியே திருப்பி, கழுத்தின் பின்புறத்திலும் தோள் மூட்டிலும் தையல்நாடாவை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு எழும்பினால் வேண்டாம். வெளித்துணியில் அம்மைக் கொப்புளம்போல் சிறு குமிழிகள் தெரிந்தால் படலம் பிரிந்துவிட்டது, அதற்கு மருந்தில்லை. தோளில் வார் பட்ட இடத்தை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். கை மணிக்கட்டின் ஒட்டுப்பட்டி நார் தேய்ந்திருந்தால் கவலையில்லை, அதை எவரும் மாற்றிக் கொடுப்பார்.

அளவையும் கவனியுங்கள். ஓய்வின்போது தடித்த மேலங்கியை ஜக்கெற்றுக்கு மேலே போடுவதுதான் அங்கே வழக்கம். ஆகவே மேலங்கி ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும், ஜக்கெற் உங்கள் அளவிலேயே இருக்கட்டும். கைகளை மேலே தூக்கினால் ஜக்கெற்றின் கீழ்விளிம்பு பையின் இடுப்புப் பட்டியை விட்டு வெளியே இழுபடக்கூடாது. இழுபட்டால் அந்த இடத்தில் துணி மடிந்து மடிந்து தேய்ந்துவிடும்.

கன்னியா_அக்கா

மேலங்கிக்குச் செயற்கைப் பஞ்சையே எடுங்கள், தம்பி. எடைக்கு எடை பார்த்தால் இறகுதான் கூடுதலாகச் சூடு தரும், சரியாகப் பேணினால் நெடுங்காலமும் இருக்கும். ஆனால் இறகு நனைந்தால் சுருண்டு குவிந்துவிடும். கடலோர மலைக்கு அது ஆகாது. நம் ஊர் ஈரப்பதனில் முழுமையாகக் காயாத இறகு உக்கி மணக்கும். செயற்கைப் பஞ்சு அமுக்கி அமுக்கித்தான் சாகும். அதனால் பையின் அடியில் திணிக்காமல் மேலே தளர்வாக வைத்துக்கொண்டு போங்கள், வீட்டில் கொழுவியில் தொங்கவிடுங்கள்.

கையுறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கயிறும் சிப்பும் விளிம்பும் பிடிக்கிற கை என்பதால், உள்ளங்கை ஆட்டுத்தோலாக இருக்கவேண்டும். செயற்கைத் தோல் விரல் நுனியில் பொத்துவிடும். ஏறும்போது மெல்லியது ஒன்று, இறங்கும்போது தடித்தது ஒன்று என இரண்டு சோடி கொண்டுபோனால் இரண்டுமே நாட்படும்.

நிலாவெளிச்_சுழியோடி

தோற்கையுறை ஊருக்கு வந்தால் கார்த்திகை மாதத்துக்குள் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிடும், எங்கள் கடையில் தோல் எதையும் நாங்கள் வைப்பதே இல்லை. ஜக்கெற்றோடு அதையும் துரொம்சோவிலேயே விடுங்கள். வாங்கும்போது உள்ளுறை தனியே கழற்றக்கூடியதா என்று பாருங்கள். கழற்ற முடிந்தால் இரவில் தோலை அடுப்புச் சூட்டுக்குக் காட்டாமல் உள்ளுறையை மட்டும் காயவைக்கலாம். அது பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தையற்கடை_திருமலை

தம்பி, காற்சட்டை கைக்கு வந்ததும் சப்பாத்தின் மேல் விளிம்பு எந்த உயரத்தில் நிற்கும் என்ற அளவை அண்ணனிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். துண்டை அந்த அளவுக்கு இரண்டு விரல் மேலே ஏற்றித் தைத்துத் தருகிறேன். மாரி தொடங்கும் முன் கொண்டுவந்தால் அவசரமில்லாமல் செய்யலாம்.